உன் இஷ்டம்

போன வருஷம் மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், சிவகாசியிலிருந்து தங்கை போன் செய்தாள். மகள் 500-க்கு 447 எடுத்திருந்தாள். மதிப்பெண்ணைச் சொன்ன கையோடு, “அக்கா, பிளஸ் ஒன்னுல எந்த குரூப்புன்னு நீ வந்துதான் பேசணும். நாங்க கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா” என்றாள். ஒரு சனி, ஒரு ஞாயிறு அங்கே இருந்தேன். அந்த இரண்டு நாளில் “உன் இஷ்டம்” என்ற சொல்லை அந்த வீட்டில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

தங்கையின் வீட்டுக்காரர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். அவர் சொன்னார், “அவ இஷ்டம் மதினி. பொம்பளப்பிள்ள, எதப் படிச்சா என்ன?” தங்கை சொன்னாள், “உன் இஷ்டம்டி. பெறகு அம்மா சொல்லலன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.” என் அம்மா, அதாவது அந்தப் பிள்ளையின் அம்மாச்சி, வாசலில் உட்கார்ந்தபடியே, “அவ இஷ்டம்னு விட்டா வெளங்கிரும்” என்றாள். நான் மூவரையும்விட அழகாகச் சொன்னேன்: “உனக்கு எது இஷ்டமோ அதத்தான் எடுக்கணும். யாருக்காகவும் எதையும் எடுக்கக் கூடாது.” பிள்ளை எல்லாருக்கும் ஒரே பதில்தான் தந்தாள். தலையை ஆட்டினாள்.

சொல் ஒன்றுதான். அப்பா சொன்னபோது அதற்கு ‘எனக்கு இதில் அக்கறை இல்லை’ என்று பொருள். அம்மா சொன்னபோது கைகழுவல். அம்மாச்சிக்கு, பெண்ணின் இஷ்டம் என்பதே கட்டிவைக்க வேண்டிய ஒன்று. என்னுடையதில் மட்டும் சுதந்திரம் இருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பல மாதம் கழித்துத்தான் உறைத்தது, நானும் ‘நீயே முடிவு செய், நீயே சும’ என்பதைத்தான் கொஞ்சம் படித்தவள் பாஷையில் சொல்லியிருக்கிறேன் என்று. ஒருத்திக்குப் பதிலாக நாம் தேர்ந்தெடுத்தால் அது உதவி ஆகாது. விலகி நின்று வாழ்த்தினாலும் உதவி ஆகாது. அப்படியானால் ஒருத்தி தேர்ந்தெடுக்க உதவுவது என்றால் என்ன? எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் கேள்வி என்னிடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

குரூப் என்றால் என்ன என்று மாணவியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் என்றால் பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் உள்ளது காமர்ஸ். அதற்குப் பிறகு வரலாறு, அதற்கும் பிறகு தொழிற்பிரிவு. வரிசையைக் கவனியுங்கள். முதலாவது, இரண்டாவது என்று பெயரிலேயே யார் மேலே, யார் கீழே என்பது இருக்கிறது. பள்ளி மொழியில் இவற்றுக்கு விருப்பப் பாடங்கள் என்று பெயர். ஆனால் மதிப்பெண் வரிசைப்படி மேலிருந்து சயின்ஸுக்கு ஆள் எடுத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளின் ‘விருப்பம்’ வரலாறு என்று எழுதிக்கொள்ளும் பள்ளிகள் நிறைய உண்டு. பக்கத்துப் பள்ளியில் இல்லாத குரூப்பை விரும்பும் பெண்ணுக்கு விருப்பம் பஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறது.

இவளுக்கு மூன்று வருஷம் மூத்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவன் பத்தாவது முடித்தபோது 400-ஐத் தொடவில்லை. அவனிடம் யாரும் “உன் இஷ்டம்” என்று சொல்லவில்லை. வளையலை அடகு வைத்துத் தனியார் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தார்கள். அவனுக்கு ஐ.டி.ஐ. போக ஆசை இருந்தது. யாரும் கேட்கவில்லை. இப்போது கடன் வாங்கிப் பொறியியல் படிக்கிறான். அண்ணனுக்குக் கிடைக்காத சுதந்திரம் தங்கைக்குக் கிடைத்தது என்று இதைச் சொல்லலாமா? அவன்மேல் பணம் போட்டார்கள், அதனால் அவன் வாழ்க்கையில் தலையிட்டார்கள். இவள்மேல் எதுவும் போடவில்லை. கவனிக்கப்படாத வயலில் எந்தச் செடியும் முளைக்கலாம் என்பது போன்ற சுதந்திரம் அது.

அதுவும் 447 வரும்வரைதான். மதிப்பெண் வந்ததும் திருப்பூரிலிருந்து மாமா போன் செய்தார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தேடி வந்தார். அதுவரை யாருக்கும் வேண்டாமல் கிடந்த அவள் இஷ்டத்துக்குத் திடீரென்று நாலு பக்கமும் பாத்தியதை கொண்டாட ஆள் வந்துவிட்டது. அதில் நானும் ஒருத்தி.

என் பாத்தியதையின் கதையைச் சொல்ல வேண்டும். என் அம்மா 1968-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவள். அப்போது கணக்கிலேயே இரண்டு இருந்தது, ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று. மேலே அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டாவது. அம்மா படித்த பெண்கள் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் அம்மாவுக்கு ஜெனரல் மேத்ஸ்தான் இஷ்டம். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் டெல்லியில் பெரிய பெரிய குழுக்கள் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கின்றன. ஆணுக்கு ஒரு பாடத்திட்டம், பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம் வேண்டாம் என்று ஹன்சா மேத்தா தலைமையிலான குழு சொன்னது. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன் அதை ஏற்றுக்கொண்டது. மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கக் கூடாது, கணிதமும் அறிவியலும் படிக்கப் பெண்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்றெல்லாம் எழுதியது. கமிஷன் அறிக்கை அம்மாவின் பள்ளிக்கூடம்வரை நடந்து வந்து சேரவில்லை.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தது 1991-ல். பத்தாவதில் கணக்கில் 88. ஃபர்ஸ்ட் குரூப் கேட்டேன். கணக்கு டியூஷன் சார் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. முடிந்து வர ஏழரை ஆகும். “இருட்டுன பெறகு சைக்கிள்ல தனியா வருவியா?” என்று அப்பா கேட்டார். அது கேள்வி அல்ல. காமர்ஸ் எடுத்தேன். இன்று மதுரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்போது வரும் சந்தோஷம் எனக்கு உண்மையாகவே உண்டு. ஆனால் பஸ்ஸில் யாராவது ஒரு பெண்பிள்ளை மடியில் கால்குலஸ் புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் இன்றும் எட்டிப் பார்ப்பேன். சிவகாசிக்கு அந்தப் பையையும் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

சனி இரவு மொட்டைமாடியில் அவளிடம் தனியாகக் கேட்டேன். “காமர்ஸ் எடுக்கேன் பெரியம்மா” என்றாள். எனக்குத் திக்கென்றது. ஏன் என்றேன். பிடித்திருக்கிறது என்றாள். இதுவரை ஒருநாள்கூடப் படிக்காத பாடம் எப்படிப் பிடிக்கும் என்றேன். பதில் இல்லை.

எட்டாத திராட்சையைப் பார்த்து ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று சொன்ன நரியின் கதை எல்லாருக்கும் தெரியும். நார்வேக்காரரான யோன் எல்ஸ்டர் 1983-ல் ‘புளிக்கும் திராட்சை’ என்ற பெயரிலேயே ஒரு தத்துவ நூல் எழுதினார். கிடைக்காததை வேண்டாம் என்று மனமே தன்னை மாற்றிக்கொண்டால், அந்த விருப்பத்தை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. நெடுங்காலம் இல்லாமையிலேயே வாழ்கிறவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்வார்கள், அதனால் அவர்கள் திருப்தியை வைத்து அவர்கள் நலத்தை அளக்க முடியாது என்று அமர்த்திய சென்னும் சொன்னார். பெண்களைப் பற்றிப் பேசும் இடங்களில் இந்தச் சிந்தனை நமக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. ‘அவளே வேண்டாம்னு சொல்லிட்டாளே’ என்று முடித்துவிடும் வாய்களை அடைக்க உதவியது. அன்று இரவு நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை திராட்சையைப் புளிப்பென்று நம்ப ஆரம்பித்துவிட்டாள், நாளை இவள் கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

ஞாயிறு காலை, அம்மாவுக்கு வந்த சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே அவளே பேசினாள். தலையை நிமிர்த்தவில்லை.

“கணக்கு புடிக்கும் பெரியம்மா. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. ஆனா ஃபர்ஸ்ட் குரூப்னா நாலு பாடத்துக்கும் டியூஷன் வைக்கணும்னு அக்காமாரு எல்லாரும் சொல்றாங்க. ஒரு பாடத்துக்கு ஆயிரத்து எரநூறு. புடிக்கும்ங்கறதுக்கு மாசம் நாலாயிரத்து எண்ணூறு ஆகுது. காமர்ஸ் மிஸ் ஸ்கூல்லயே நல்லா நடத்துவாங்க. டியூஷன் வேணாம். பிராக்டிகல் கிடையாது. நாலரைக்கு வீட்டுக்கு வந்தா ராத்திரிக்குள்ள ரெண்டு சேல தச்சிரலாம். அம்மாவுக்கு விளக்கு வெளிச்சத்துல ஊசி கோக்க முடியல.”

நான் ஒன்றும் பேசவில்லை. இந்த நரிக்குத் திராட்சை இனிக்கும் என்று தெரிந்தே இருந்தது. எத்தனை அடி உயரம், ஏணிக்கு வாடகை எவ்வளவு, ஏணியை யார் பிடிப்பது என்றும் தெரிந்திருந்தது. நான் கண்ணைத் திறக்க வந்தவள். அவளோ என்னைவிடச் சுத்தமாகப் பேரேடு எழுதி முடித்திருந்தாள். ஏழைப் பெண் ஒருத்தி சின்னதாக ஒன்றைக் கேட்டவுடன் ‘இவளுக்குத் தன் ஆசையே தெரியவில்லை’ என்று முடிவு கட்டுவது படித்த பெண்களாகிய நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் நம் அதிகாரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்காக, அவள் காமர்ஸ் என்று சொன்னதை ‘அவள் விருப்பம், மதிக்க வேண்டும்’ என்றும் விட்டுவிட முடியாது. ஏனென்றால் அவள் விருப்பத்தைச் சொல்லவே இல்லை. விலையைச் சொன்னாள். நாங்கள் நாலு பேரும் கேட்டது அவள் மனசைப் பற்றி. சிக்கல் இருந்ததோ வீட்டுக் கணக்கில். மனசைக் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை கணக்கைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளலாம். பெண்பிள்ளையிடம் “உனக்கு என்ன வேணும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கும் வீடுகளில் இது நடப்பதைப் பிறகு நிறையக் கவனித்தேன்.

மத்தியானம் எதிர்வீட்டு வாத்தியார் வந்தார். “ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துரணும். எந்தக் கதவும் மூடாது” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சயின்ஸ் படித்தவள் பி.காமுக்கோ வரலாற்றுக்கோ போகலாம். காமர்ஸ் படித்தவள் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போக முடியாது. கணிதம் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வில் நிற்க முடியாது. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் இவை. அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980-ல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்றார். அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கும் நாள்வரை பெரியவர்கள் அவள் கதவுகளை மூடிவிடக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1947-ல், சிமோன் தி பொவாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: பெரியவர்களின் கட்டுப்பாடு பிள்ளையின் எதிர்காலத்தைத் திறந்துவிடும் அளவுக்குத்தான் நியாயமாகும். வாத்தியார் இவர்களைப் படித்திருக்க மாட்டார். ஆனால் நம் ஊர் முழுக்க ஃபர்ஸ்ட் குரூப்புக்குச் சொல்லப்படும் நியாயம் இதுவே.

எனக்கு அதில் ஒரு சந்தேகம். பெண்ணுக்கு இரண்டு வகைக் கதவுகள் இருக்கின்றன. சான்றிதழில் திறக்கும் கதவு ஒன்று, வீட்டு வாசற்கதவு ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஃபர்ஸ்ட் குரூப்பில் இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்துக் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் வாங்கினாள். ஹாஸ்டலில் விட மாட்டோம் என்றார்கள். உள்ளூர்க் கல்லூரியில், அவள் விரும்பாத ஒரு பட்டப்படிப்பில் சேர்த்தார்கள். அவள் கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. அந்த இரண்டு வருஷத்துக் காலை நான்கு மணிகளுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் பிள்ளையை விட்டுவிட்டு அவள் அப்பாவிடம் போனேன். “வெளியூர்ல சேக்க வேண்டி வந்தா விடுவீங்களா?” என்று கேட்டேன். “அது ரெண்டு வருஷம் கழிச்சுல்ல, அப்பப் பாத்துக்கலாம் மதினி” என்றார். இல்லை, அது இப்போதே தெரிய வேண்டும், அவள் எதை நம்பிப் படிப்பாள் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “மதுரைன்னா விடலாம். நீங்க இருக்கீங்கள்ல” என்றார். அந்த வார இறுதியில் அந்த வீட்டில் கிடைத்த முதல் உருப்படியான தகவல் இதுதான். அதற்குள் என் வீடும் இழுபட்டுவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் பயந்தேன் என்றால் நிஜம்.

இடையில் இன்னொன்று. அண்ணனைப் போல இவளையும் தனியார் பள்ளியில் சேர்க்கலாம், பாதிப் பணம் நான் தருகிறேன் என்று திருப்பூர் மாமா சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கவும் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருப்பது முக்கியம். கடைசி இரண்டு வருஷம் பள்ளி மாற்றினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். இதை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது. ‘உன் இஷ்டம்’ என்று ஆயிரம் முறை சொல்வதைவிட இந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு உபயோகப்பட்டிருக்கும்.

பிறகு பணம். டியூஷனுக்கு நான் தருகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க காசு கட்டுனா நான் பாதியில விட முடியாதுல்ல பெரியம்மா?” என்றாள்.

பதினைந்து வயதில் இதை எப்படித் தெரிந்துகொண்டாள்? அண்ணனைப் பார்த்துத்தான். பணம் போட்டவர்களுக்கு அவன் வாழ்க்கையில் பங்கு இருப்பதைத் தினமும் பார்க்கிறாள். எனக்கும் இது தெரியாததல்ல. நான் டைப்ரைட்டிங் படிக்கச் சித்தி ஒருத்தி பீஸ் கட்டினாள். அவள் சாகும்வரை எந்தக் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கொடுப்பவளுக்கு அது அன்பு. வாங்குபவளுக்கு அது கழுத்தில் கட்டிய கயிறு. நான் ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் பணம் தருகிறேன் என்றால், நான் அவளுக்கு உதவவில்லை. 1991-ல் எனக்குக் கிடைக்காததை மாதத் தவணையில் வாங்குகிறேன் என்று ஆகும்.

சாயங்காலம் எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு மாதம் 2,400 தருவேன். எந்த குரூப் எடுத்தாலும் தருவேன். காமர்ஸ் எடுத்து டியூஷன் வேண்டாம் என்றாலும் தருவேன், அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். பாதியில் குரூப் மாறினாலும் நிறுத்த மாட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நாலு பாடத்துக்கு அது போதாது என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அவள் கணக்கில் ஒரு வரி மிச்சம் இருந்தது. சாயங்காலம் டியூஷன் போனால் சேலைக்கு ஃபால்ஸ் யார் தைப்பது? ஒரு சேலைக்கு 40 ரூபாய். தங்கை, “நாலு சேல கொறச்சு வாங்கிக்கிடுதேன், விடு” என்றாள். யாரும் அதை ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் செலவில் ஒரு டீ குறையவில்லை. அண்ணனின் கல்லூரிக் கட்டணம் அப்படியே இருந்தது. ஒரு பெண்ணின் இஷ்டத்துக்கான விலையை இன்னொரு பெண் தன் கண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஹாஸ்டல் விஷயத்தில் அவரைச் சங்கடப்படுத்திவிட்டோம், இன்றைக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். அந்த வார இறுதியில் நான் செய்த தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தங்கையிடம் இதை இதுவரை சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, கம்ப்யூட்டர் குரூப்பில் பெயர் கொடுத்துவிட்டதாகப் போன் செய்தாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். உயிரியல் இல்லை. நர்ஸாகப் பார்க்க ஆசைப்பட்ட அம்மாச்சி இரண்டு நாள் அவளிடம் பேசவில்லையாம். ஜூன் மாதக் கடைசிவரை மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார், அதையும் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். எனக்கு அளவில்லாத சந்தோஷம். அந்தச் சந்தோஷமே என்னை உறுத்தியது. எந்த குரூப் எடுத்தாலும் தருவேன் என்று சொன்னபோது என் முகத்தில் எது எழுதியிருந்ததோ, அதை வாசித்துவிட்டாளோ? விசாரித்து அறிய முடியாத விஷயம் இது. அவளைக் கேட்டால் இல்லை என்பாள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. இயற்பியலில் 70-க்கு 19. குரூப் மாற்றும் காலம் முடிந்திருந்தது. ராத்திரி போனில் அழுதாள். “நான் காமர்ஸே எடுத்திருக்கணும் பெரியம்மா.” பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது: “ஒன் இஷ்டத்துக்குத்தான எடுத்த? இப்ப யார நொந்து என்ன செய்ய?”

அந்தச் சொல்லின் ஐந்தாவது பொருளை அப்போதுதான் கேட்டேன். மே மாதத்தில் அனுமதியாக இருந்தது செப்டம்பரில் குற்றச்சாட்டாகிவிட்டது. நம் பெண்களுக்கு இது புதிதல்ல. தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள், அடிவாங்கினாலும் பிறந்த வீட்டுப் படியேறி அழ முடியாது. ‘நீயாத் தேடிக்கிட்டதுதான’ என்பார்கள். பெற்றவர்கள் பார்த்து வைத்தவன் சரியில்லை என்றால் ஊரே கூடிப் பரிதாபப்படும். அதாவது சொந்தமாக முடிவெடுத்தவளுக்குத் தப்பாகப் போகும் உரிமை இல்லை. பிறர் சொல்கேட்டு நடந்தவளுக்கு மட்டும் ஆறுதலில் பங்கு உண்டு. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளரும் ஒருத்தி, கேட்டவுடன் தன் இஷ்டத்தைச் சொல்லாமல் தலையை ஆட்டினால் அது கூச்சமோ குழப்பமோ இல்லை. புத்திசாலித்தனம்.

என் நாக்கு நுனியிலும் அதே வாக்கியம்தான் நின்றது. ‘நான் ஒன்றும் சொல்லவில்லையே, நீதானே எடுத்தாய்’ என்று. பணம் எதற்கும் கட்டுப்பட்டதல்ல என்று எல்லார் முன்னாலும் அறிவித்தது அன்பினால் மட்டும்தானா, அல்லது நாளைக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லித் தப்பிக்க வசதியாகவும் இருக்கும் என்பதாலா? இரண்டும் இருந்திருக்கும். அவள் இயற்பியலில் 60 எடுத்திருந்தால், என் யோசனைதான் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். 19-ல் மட்டும் எனக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

“ஆசையக் காட்டுனது நாந்தான். பாதி என்னோடது” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பாதிதானா?” என்றாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் போனேன். பத்தாவதோடு இயற்பியலை விட்டவள் நான். அவளுடைய புத்தகத்தில் வெக்டர் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் மாறிமாறி முழித்தோம். என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றாள். எங்கே தட்டுகிறது என்று அவளுக்கே தெரிந்தது, கணக்கு வரும் இடங்களில் இல்லை, ஆங்கிலத்தில் எடுத்த குறிப்புகளைத் தமிழில் எழுதும் இடத்தில் என்று. டியூஷன் சார் ஆங்கிலவழிப் பிள்ளைகளையும் தமிழ்வழிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்துகிறார். தங்கை சேலைக்கு ஓரம் மடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தாள்.

நவம்பர் முதல் வாரம் அவள் போன் செய்தாள். “இந்த மாசத்துல இருந்து அந்தக் காச அம்மாகிட்ட குடுக்காதீங்க பெரியம்மா. என் கையில குடுங்க.” எதற்கு என்று கேட்க வாய் வந்தது. டியூஷனை விட்டுவிட்டாளா, வேறு சாரிடம் சேர்ந்தாளா, அம்மாவுக்கு ஊசி கோக்க ஆள் வைத்தாளா, எல்லாம் கேட்கத் தோன்றியது. சரி என்று மட்டும் சொன்னேன். பத்தாம் தேதி போனபோது 2,400-ஐ அவள் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பென்சில் பாக்ஸில் வைத்து மூடினாள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. மதிப்பெண்ணைச் சொன்னாள். பணத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.